பின் சீட்டுக்கு ஒரு கமான்

காலை ஆறு பதினேழு. படியிறங்கி கார் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது காரின் பின்பக்கம். வலது சக்கரத்துக்கும் அதற்கு மேலே உள்ள தகட்டு வளைவுக்கும் நடுவில் மூன்று விரல் நுழைந்தது. இடது பக்கம் இரண்டுதான். இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் கூடத்தில் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். நாலரை மாதமாக அந்தக் கட்டில் கூடத்தில்தான் கிடந்தது.

"ரெண்டு விரலுன்னா யாரு விரலு? உன் விரலா, என் விரலா?" என்றார். "ஸ்கேல் வச்சி அளந்துட்டு வாட்டி."

மறுபடியும் இறங்கிப் போய் அளந்தேன். இடது நாற்பத்தொரு மில்லிமீட்டர், வலது ஐம்பத்தெட்டு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "ஸ்டெப்னிய இறக்கிட்டு அளந்தியா?" என்றார். இல்லை. மூன்றாவது தடவை இறங்கினேன்.

ஹைதராபாத்தின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் மாடி மாடியாக வளர்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்கள் இருந்தது எதிர்ப்பக்கம், ஏ.எஸ்.ராவ் நகரில். முதல் மாடியில் அண்ணனும் மதினியும், அதற்கு மேல் மாடியில் நான். மதினிக்கு அங்கிருந்த பெரிய பொதுத்துறை ஆலையில் வேலை. வீடு அங்கே அமைந்தது அதனால்தான். அண்ணனுக்கு ஊரின் தென்கிழக்கு மூலையில், காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை. நான் ஓர் ஆங்கில நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இருந்தேன். ஆட்களைப் போய்ப் பார்ப்பது, பேச வைத்து டேப்பில் பிடிப்பது, வந்து எழுதுவது. அலுவலகம் மதியத்துக்கு மேல்தான். காலைகள் என்னுடையவை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்ய ஏறிய அண்ணன், இறங்கும்போது ஏணியின் கடைசி மூன்று படிகளை விட்டுவிட்டார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே முதுகெலும்பில் இரண்டு கண்ணிகள் நசுங்கின. அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதம் கழித்து மருத்துவர் சொன்னவை இவை: மெதுவாக நடக்கலாம், நிற்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது. இடுப்பைத் திருப்பக் கூடாது. வண்டியில் போவதென்றால் படுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, குலுங்காமல் போக வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு திங்கள்கிழமை இருந்தது. அதற்கு மூன்று வாரம் இருந்தது. அவர் ஏழு வருடமாக உருவாக்கிய ஒரு பெட்டியை அன்று ஆய்வகத்தின் அதிர்வு மேசையில் ஏற்றி ஆட்டிப் பார்க்கப் போகிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சோதனை நடக்கும்போது பொறுப்பு அதிகாரி நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் வர முடியாவிட்டால் பெட்டி வேறொருவர் பொறுப்புக்குப் போகும். அது முடிவாகிவிட்டது. ஆய்வகத்திலிருந்து பேசியவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஆம்புலன்ஸ் சொல்லிருவோமே" என்றார் மதினி.

"ஆம்புலன்ஸ்ல வேலைக்குப் போறவன நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

"வேலைக்குப் போறத விட்டுட்டு ஏணியில ஏறி விழுறவன பாத்திருக்கேன்."

ஆய்வக ஜீப்பில் படுக்க இடமில்லை. வாடகைக் கார்களின் பின் சீட் குட்டை. மிச்சம் இருந்தது என் கார்.

எண்பதுகளின் நடுவில் நம் நாட்டிலேயே செய்த கார் அது. நாலு கதவு, நீண்ட முன்மூக்கு, அகன்ற பின்பக்கம். அமெரிக்க மசில் கார்களைப் பத்திரிகைப் படங்களில் மட்டும் பார்த்த என் வயதுக்காரர்களுக்கு அதுதான் மசில் கார். செகந்திராபாத்தை விட்டு மாற்றலாகிப் போன ஒரு விமானப்படை அதிகாரியிடமிருந்து வாங்கினேன். முன் சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின்னால் லாரிகளில் இருப்பதுபோல இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங், பக்கத்துக்கு ஆறு பட்டை. ஹைதராபாத்தில் அதைக் கமான் என்பார்கள், வில் என்று அர்த்தம். என் காரின் வில்கள் இரண்டும் நிமிர்ந்து போயிருந்தன. பின் சீட்டின் அகலம் மட்டும் எந்த வாடகைக் காரிலும் கிடைக்காதது. பஞ்சு மெத்தையை வெட்டிப் போட்டால், முழங்காலை மடக்கிக்கொண்டு அண்ணன் குறுக்குவாக்கில் படுக்கலாம். ஒரு போர்வையில் வைத்து, இடது பின்கதவு வழியாகத் தலை முதலில் போகும்படி இழுத்தால் இடுப்பு திரும்பாது. முன் சீட்டைக் கழற்றி நீளவாக்கில் படுக்க வைக்கலாமா என்றும் பார்த்தோம். அப்படி ஏற்ற அவரை எப்படியும் ஒரு திருப்புத் திருப்ப வேண்டியிருந்தது. விட்டுவிட்டோம்.

ஆக, பின் சஸ்பென்ஷனை மாற்ற வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி.

இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். கமானை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட வேண்டும் என்ற ஆசை எனக்கு இரண்டு வருடமாக இருந்தது. அது அண்ணனுக்காக வந்த ஆசை இல்லை. நாகார்ஜுனசாகர் போகும் சாலையில் வளைவுகளை வேகமாக எடுக்க வேண்டும் என்று வந்தது. அலுவலக இணையத்தில் இறக்கிய காகிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது சுருள் ஸ்பிரிங் காகிதங்கள் மேலேயும் மற்றவை கீழேயும் இருந்தன. வரிசையை மாற்றி வைத்தது நான்தான்.

அண்ணன் ஆய்வகத்துப் பழக்கப்படி நடந்தார். எதையும் வாங்குவதற்கு முன் முதலில் தேவைக் குறிப்பு எழுத வேண்டும், மூன்று பேரிடம் தொழில்நுட்ப விளக்கம் கேட்க வேண்டும், ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட வேண்டும். படுத்தபடியே சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். ஒன்பது பத்திகள் வந்தன. மூன்றாவது பத்தி: "பின் இருக்கையின் நடுவில் செங்குத்துத் திசையில் உணரப்படும் அதிர்வு தற்போதைய அளவில் பாதிக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும்."

தற்போதைய அளவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமே. அதற்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அண்ணனைப் பின் சீட்டில் படுக்க வைத்து, மதினியை முன்னால் உட்கார வைத்து, என் பேட்டி டேப் ரெக்கார்டரை அவர் மடியில் வைத்தேன். வலி வரும்போதெல்லாம் அண்ணன் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் பேசக் கூடாது. நாச்சாரம், உப்பல் வழியாக நாகோல் வரை போய்த் திரும்பினோம்.

"அஞ்சு" என்றது பின் சீட். கொஞ்சம் பொறுத்து, "மூணு." பிறகு, "ஆறு. ஏட்டி, பாத்து."

"பேசக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான" என்றார் மதினி.

"ஏழு. இது உனக்கு."

மாலையில் டேப்பை ஓட்டித் தட்டச்சு செய்தேன். பேட்டியை எழுத்தாக்கும்போது நாங்கள் இருமலை எழுதுவதில்லை, காபி தம்ளர் வைக்கிற சத்தத்தையும் எழுதுவதில்லை. சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். இங்கே சொல் என்பது எண். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அது எந்த ஸ்பீட் பிரேக்கர், எந்தப் பள்ளம் என்று நினைவிலிருந்து எழுதினேன். சில எண்கள் வந்த இடத்தில் எந்தப் பள்ளமும் நினைவுக்கு வரவில்லை. அருகில் இருந்த பள்ளத்தின் பெயரை எழுதினேன். பட்டியல் ஒரு பக்கத்துக்குள் சுத்தமாக அடங்கியது. அண்ணன் பார்த்து, "நல்லா போட்டிருக்க" என்றார்.

முதல் தொழில்நுட்ப விளக்கம் மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர் இளைஞருடையது. வார இறுதிகளில் பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுகிறவர். வீட்டுக்கே வந்தார். தேவைக் குறிப்பை முழுவதும் படித்தார். அதற்காகவே அண்ணனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"லீஃப் ஸ்பிரிங்கெல்லாம் மாட்டு வண்டிக்குங்க சார்" என்றார். "அக்கா வண்டிக்கு ஃபோர் லிங்க் போட்டு, காயில் ஓவர் மாட்டிட்டோம்னா ரோடு இருக்கறதே தெரியாதுங்க. மிதக்கும்."

நான்கு கம்பிகள் பின் அச்சைப் பிடித்துக்கொள்ள, சுருள் ஸ்பிரிங்குகள் எடையை மட்டும் தாங்கும் ஏற்பாடு அது. எனக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலை இருக்கவில்லை. சாமான் அமெரிக்காவிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று கடைசியில் சொன்னார். பின் தளத்தை இரண்டு இடத்தில் வெட்டவும் வேண்டுமாம்.

இரண்டாவது, பேருந்துகளில் இருப்பது போன்ற காற்றுப் பைகள். விற்பவர் ஒரு பக்கத் தாளை அனுப்பினார். "வழியில ஒண்ணு வெடிச்சா நான் எந்தப் பக்கம் உருளுவேன்?" என்று கேட்டு அண்ணன் அதை அட்டவணையின் கடைசிக்குத் தள்ளினார்.

மூன்றாவது, மல்லாபூரில் லாரிகளுக்குக் கமான் கட்டுகிறவர். நாற்பதைத் தாண்டிய ஆள். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேசுவார், மூன்று சொல்லுக்கு ஒன்று ஹைதராபாத் உருது: கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். தேவைக் குறிப்பைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, பக்கங்களை எண்ணினார்.

"கைக்கு மேடம் இவ்ளோ எழுதினீங்கோ? கமான் செத்துப் போச்சு. பட்டைய அடிச்சு வளைச்சு, புஷ் மாத்தினா வேலை முடிஞ்சிச்சு. இதுல நான் எங்க சைன் போடணும்?"

கையெழுத்து வேண்டாம், ஒவ்வொரு பத்திக்கும் பதில் எழுதித் தர வேண்டும் என்றேன்.

"எழுதறதெல்லாம் நக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. சார் எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாரு?"

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "அது குறிப்புல இல்லல்லா" என்றார். "வாஸ்து பாக்கானா?" அட்டவணையில் மல்லாபூர்க்காரரின் பெயருக்கு எதிரே "விளக்கம் பெறப்படவில்லை" என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அட்டவணைப்படி சுருள் ஸ்பிரிங்தான் முதலிடம். ஆனால் ஆறு வாரம் ஆகும், எங்களிடம் இருந்தது பதினாறு நாள். கோயம்புத்தூர் இளைஞர் உள்ளூரிலேயே கம்பிகளை வெல்ட் செய்து, வேறொரு காரின் சுருள் ஸ்பிரிங்கைப் போட்டுப் பத்து நாளில் முடிக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னார். தளத்தை வெட்டிவிட்டால் பிறகு பழைய கமானுக்குத் திரும்ப முடியாது. அண்ணன் ஒரு நாள் யோசித்தார். வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்வோம் என்றார். கமானில் ஆறு பட்டையில் இரண்டை உருவிவிட்டால் ஸ்பிரிங் இளகும். சுருள் ஸ்பிரிங் தரப்போகிற மென்மைக்குக் கிட்டத்தட்ட அது சமம். எண்கள் இறங்கினால் வெட்டலாம்.

பட்டையை உருவித் தர மல்லாபூர்க்காரரிடம்தான் போக வேண்டியிருந்தது. காரை வாசலில் பார்த்ததும் அவர் சிரித்தார்.

"என்னா மேடம், அட்டவணைல நான் பாஸா ஃபெயிலா?"

"நீங்க பரீட்சையே எழுதலையே."

"ஹவ், அதும் சரிதான்." இரண்டு பட்டைகளை எடுத்துத் தரையில் போட்டார். "இப்போ வண்டி நல்லா ஆடும். பாத்து ஓட்டுங்கோ." ஆடுவது என்று அவர் சொன்னதை மேலும் கீழும் ஆடுவது என்று எடுத்துக்கொண்டேன். அதுதானே வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டாவது ஓட்டம் மறுநாள் காலை. அதே பாதை, அதே வேகம். உருவிய பட்டைகளின் இடத்தைக் கட்டை வைத்து அடைத்து, பின்பக்க உயரம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். நாச்சாரம் ஸ்பீட் பிரேக்கரில் கார் தண்ணீரில் போவதுபோல ஏறி இறங்கியது. முன்பு ஐந்து வந்த இடத்தில் அண்ணன் "ரெண்டு" என்றார். பக்கத்தில் இருந்த மதினியின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் சாகர் சாலை தெரிந்தது.

உப்பல் சந்திப்பு தாண்டியதும் "எட்டு" என்றார். அதன் பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு எட்டு. நாகோலில் திரும்பும்போது எண் வரவில்லை, வேறு ஒரு சத்தம் வந்தது. நிறுத்தினேன். அண்ணனின் மேலுதடு வேர்த்திருந்தது. பத்து நிமிடம் ஓரமாக நின்று, மெதுவாக வீட்டுக்குத் திரும்பினோம்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "ஆய்வகத்துக்குப் போன் போட்டு, நான் வரலன்னு சொல்லிரலாமா" என்று அண்ணன் மதினியிடம் கேட்டார். யோசனை கேட்கிற குரல் இல்லை அது. மதினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொல்லிவிட்டு, அடுக்களை மேசையில் உட்கார்ந்து இரண்டாவது டேப்பை ஓட்டினேன். பள்ளங்களுக்கு எதிரே எண்களை எழுதிக்கொண்டே வந்தேன். எட்டுக்கு எதிரே எழுதப் பள்ளம் கிடைக்கவில்லை. உப்பலுக்கு அந்தப் பக்கம் சாலை புதிதாகப் போட்டது. ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மதினி பக்கத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அதென்ன டிக்கு டிக்குன்னு?" என்றார்.

"எது?"

"அவாள் எட்டு சொல்லுததுக்கு முன்னால. கடிகாரம் மாதிரி."

"இன்டிகேட்டர் மதினி. திரும்பும்போது போடுவேன்லா."

"அந்த இன்னொரு எட்டுக்கு முன்னாலயும் கேக்கே."

பொத்தானை அழுத்தினேன். கேட்டது. முதல் ஓட்டத்தின் டேப்பை எடுத்துப் போட்டேன். ஐந்துக்கு முன்னால் இல்லை. மூன்றுக்கு முன்னால் இல்லை. ஆறுக்கு முன்னால் இருந்தது. மதினி மேல் கோபத்தில் சொன்னதாக நாங்கள் நினைத்துச் சிரித்த ஏழுக்கு முன்னாலும் இருந்தது. நான் தட்டச்சு செய்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆறும் ஏழும் பள்ளங்களின் பெயரில் இருந்தன. டிக் டிக் எங்கேயும் இல்லை. அதை நான் கேட்டிருக்கிறேன், எழுதவில்லை.

மதினி கத்தியைக் கீழே வைத்தார். "ரயில்ல உள் பெர்த்துல படுத்தா வளைவுல தலை போயி இடிக்கும். சைடு பெர்த்துல படுத்தா இடிக்காது. அந்த மாதிரியோ?"

அதே மாதிரிதான். ரயிலின் உள் படுக்கைகள் குறுக்குவாக்கில் இருப்பவை. அண்ணனும் காரில் குறுக்குவாக்கில்தான் படுத்திருந்தார். ஸ்பீட் பிரேக்கரில் மெத்தை முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது, முதுகு அதைப் பரப்பி வாங்கிக்கொள்கிறது. கார் இடது பக்கம் திரும்பும்போதோ, உடம்பு முழுவதும் தலைப்பக்கம் வழுகுகிறது. வழுகாமல் இருக்க அவர் முதுகை இறுக்குகிறார். பட்டைகளை உருவி ஸ்பிரிங்கை இளக்கியதும் கார் திருப்பங்களில் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது.

கூடத்துக்குப் போய்ச் சொன்னோம். இரண்டு டேப்பையும் போட்டுக் காட்டினேன். அண்ணன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு பெட்டிய மூணு திசையிலயும் ஆட்டிப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். "இருவது வருசமா. என்னைய மட்டும் ஒரே திசையில ஆட்டிட்டு இருந்திருக்கேன்."

"அந்த மல்லாபூர்க்காரர் எந்தப் பக்கம் தலைன்னு கேட்டாரே" என்றேன்.

"கேட்டான். நம்மதான் பெயிலாக்கிட்டோம்."

அவர் கேட்டதன் காரணம் வேறு என்பது மறுநாள் தெரிந்தது. பட்டறையில் நாங்கள் கண்டுபிடித்ததை விவரமாகச் சொன்னபோது அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது தெரியாது மேடம். தலைப் பக்கம் வெயிட் கம்மி, இடுப்புப் பக்கம் ஜாஸ்தி. எந்தப் பக்கம் ஒரு பட்டை கூட வெக்கணும்னு பாக்கத்தான் கேட்டேன்." பிறகு சேர்த்துச் சொன்னார்: "ஆனா வண்டி ஆடும்னு சொன்னேனா இல்லையா?"

சொன்னார்.

தேவைக் குறிப்பின் மூன்றாவது பத்தியை அண்ணன் அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று சொன்னார். சாய்வு முக்கியம், குலுக்கல் அதற்குப் பிறகு. அந்தக் கணக்கில் சுருள் ஸ்பிரிங் அட்டவணையின் கீழே போனது. கோயம்புத்தூர் இளைஞரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏமாற்றம் இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "அப்படின்னா ஒரு ஸ்டெபிலைசர் ராடு போடுங்கக்கா" என்றார். "கமான்லயே போடலாம். பழைய வேன்ல இருந்து எடுத்து வெட்டிச் சேத்திக்கலாம்." இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் வளைந்த கம்பி அது. கார் ஒரு பக்கம் சாயப் பார்த்தால் மறுபக்கத்தோடு பிணைத்துப் பிடித்துக்கொள்ளும். தானே ஒரு பழைய சாமான் கடையில் தேடி எடுத்து, ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு மல்லாபூர் வந்து சேர்ந்தார்.

இரண்டு பேரும் பட்டறையில் சந்தித்தது அப்போதுதான்.

"தம்பி, மாட்டு வண்டிக்கு இது கைக்கு?" என்றார் மல்லாபூர்க்காரர். நான் சொல்லியிருக்கக் கூடாது.

"மாடு கொஞ்சம் ஆடுதுங்களே அண்ணா" என்றார் இளைஞர்.

வேலை மூன்று நாள் ஆனது. உருவிய பட்டைகளைத் திரும்ப வைத்து, பன்னிரண்டு பட்டைகளையும் நெருப்பில் காட்டி அடித்து வளைத்தார்கள். கமானின் இரண்டு முனைகளிலும் தேய்ந்திருந்த ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். முதல் தடவை கம்பியைத் தலைகீழாகப் பொருத்தி, அது சைலன்சரில் உரசி, இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அது யார் தவறு என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் விளக்கினார்கள். கடைசியில் அளந்தபோது இடது எழுபத்துநாலு மில்லிமீட்டர், வலது எழுபத்தொன்று. அண்ணனிடம் சொன்னேன். "அந்த மூணு என்ன?" என்றார். தலைப் பக்கம், இடுப்புப் பக்கம் கணக்கு என்று விளக்கினேன். "சரி. அதுக்கு ஒரு பத்தி போட்டிருக்கணும்" என்றார்.

மூன்றாவது ஓட்டத்தின் டேப்பை நான் வேறு மாதிரி எழுதினேன். இடது பக்கம் நேரம், நடுவில் கேட்ட சத்தம் எதுவானாலும் அது, வலது பக்கம் எண். ஸ்பீட் பிரேக்கர்களில் நான்கும் ஐந்தும் வந்தன, முதல் ஓட்டத்தில் இருந்த அளவுக்கே. சுருள் ஸ்பிரிங் என்றால் இரண்டாக இருந்திருக்கும். டிக் டிக் வந்த இடங்களில் இரண்டு, ஒன்று, இரண்டு. வண்டி ஓட்டுகிற எனக்கும் வித்தியாசம் தெரிந்தது. பின்பக்கம் இறுகி, சாலையின் ஒவ்வொரு கல்லையும் சொல்லியது. இந்தக் கமானோடு சாகர் சாலையில் போனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

"இது தாங்கும்" என்றார் அண்ணன்.

"வேணும்னா இன்னொரு தரம் ஓட்டிப் பாத்துருவோமே" என்றேன்.

"ஏட்டி, நான் பெட்டியா? போதும்."

அந்தத் திங்கள்கிழமை ஏழரைக்குக் கிளம்பினோம். மதினியும் பக்கத்து வீட்டுக்காரரும் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடிக்க, நான் எதிர்க்கதவிலிருந்து இழுத்தேன். அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார். அடையாள அட்டை கழுத்தில் இருந்து நழுவி மெத்தையில் கிடந்தது, எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். மதினி ரெக்கார்டரை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். நாச்சாரத்தில் ஆலைத் தொழிலாளர்களை இறக்கிவிடும் பேருந்துகளுக்குப் பின்னால் கொஞ்சம் நின்றோம். உப்பல், நாகோல், எல்.பி. நகர். வேகம் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, இவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொண்டு இதென்ன ஓட்டம் என்று தெலுங்கில் கேட்டார். பின் சீட்டைப் பார்த்ததும் வேகமாகப் போய்விட்டார்.

காஞ்சன்பாக்கில் ஆய்வக வாசலுக்கு எட்டு ஐம்பத்திரண்டுக்கு வந்தோம். காவலர் அண்ணனை அடையாளம் தெரிந்துகொண்டு சல்யூட் அடித்தார், பிறகு உள்ளே பார்த்து ரெக்கார்டரைக் காட்டினார். அதுவும் நானும் மதினியும் வாசலைத் தாண்டக் கூடாது. அண்ணனை இறக்கி நிற்க வைத்தோம். ஒரு நிமிடம் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து இரண்டு சக ஊழியர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் ஒரு நாற்காலி. "தூக்கிட்டுப் போயிரும்வே, எவன் உக்காரப் போறான்" என்றார் அண்ணன், தமிழ் தெரியாத அந்த மனிதரிடம். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று பேரும் நடந்து போனார்கள். நாற்காலி வைத்திருந்தவர் அதையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மதினியும் நானும் எதிரே இருந்த வேப்பமரத்தடியில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். மாலை நாலு பத்துக்கு அண்ணன் திரும்பி நடந்து வந்தார். சட்டைப் பையில் பேனா மூடியில்லாமல் இருந்தது. என்ன ஆயிற்று என்று மதினி கேட்டதற்கு, "மூணு திசையிலயும் ஆட்டினோம்" என்றார்.

டேப்பை அன்று கேட்கவில்லை. மறுநாள் காலை கேட்டு எழுதினேன். போகும்போது எடுத்த டேப்பில் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. எண்கள் ஐந்து: நான்கு, நான்கு, ஐந்து, மூன்று, நான்கு. எல்லாமே ஸ்பீட் பிரேக்கர்களில் வந்தவை. இன்டிகேட்டர் பத்தொன்பது தடவை கேட்கிறது.